விளையாட்டும் வெளியுறவும்: திருமலைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை பாடம் சொல்கிறேன். கரும்பலகையில் "வெளியுறவுக் கொள்கை" என்று எழுதினால் பாதி வகுப்பு கொட்டாவி விடும். அதே பாடத்தைக் கிரிக்கெட்டில் தொடங்கினால் கடைசி வாங்கில் இருப்பவனும் கை தூக்குவான். அப்படித் தூக்கிய கைகளில் இருந்து வந்த கேள்விகளும், பெற்றோர் சிலர் சந்தையில் மறித்துக் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. ஒரே கேள்விக்குப் பத்துத் தரம் பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

விளையாட்டுக்கும் வெளியுறவுக்கும் என்ன சம்பந்தம், சேர்?

ஒரு நாடு தன்னை நாடு என்று தானே சொல்லிக்கொண்டால் போதாது, மற்ற நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கை 1948 பெப்ரவரி 4 அன்று சுதந்திரம் பெற்றது. ஐக்கிய நாடுகள் சபையில் சேரப் போனபோது சோவியத் யூனியன் தடுத்தது. கதவு திறந்தது 1955 டிசம்பரில்தான். ஆனால் 1948ஆம் ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் இலங்கை அணி நின்றது. டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் எடுத்தார். ஐநா ஏழு வருடம் வாசலில் நிற்க வைத்த ஒரு நாட்டை ஓடுபாதை ஆறே மாதத்தில் உள்ளே விட்டது. இன்றைக்கும் ஐநாவின் உறுப்பு நாடுகள் 193, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் உறுப்புச் சங்கங்கள் 211. எந்தக் கதவு அகலம் என்று நீங்களே பாருங்கள்.

பாடப்புத்தக உதாரணம் வேண்டுமென்றால் 1971இல் அமெரிக்க மேசைப்பந்து அணி சீனாவுக்குப் போனதையும், அடுத்த வருடம் நிக்சன் போனதையும் எழுதுங்கள். பரீட்சைக்கு அது போதும்.

இதைத் திருகோணமலையில் இருந்து ஏன் பேச வேண்டும்? மைதானங்கள் எல்லாம் கொழும்பில்தானே?

உலகம் இலங்கையைத் தேடி வந்ததற்கு நம் துறைமுகமும் ஒரு காரணம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சுக்காரர், பிரித்தானியர் என்று வரிசையாக வந்தார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் விமானத்தில் வந்து குண்டு போட்டார்கள். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கும் போர்க் கல்லறைகள் அந்தக் காலத்தின் கணக்கு. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து கிளம்பியது 1957இல், அதாவது சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்து. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு கைமாறிய கடிதங்களில் நம் ஊர் பெயர் சொல்லியே வருகிறது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவமும் திருகோணமலைத் துறைமுகத்தைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று கொழும்பு அதில் எழுதிக் கொடுத்தது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு 2022 ஜனவரி வரை இழுபட்டு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று முடிந்தது.

ஏகாம்பரம் மைதானத்தில் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைக்கு வெளியுறவு என்பது செய்தித்தாள் சொல் அல்ல. அவன் தகப்பன் வேலை செய்யும் மா அரைக்கும் ஆலையே சிங்கப்பூர்க்காரருடையதாக இருக்கும்.

கிரிக்கெட் வெள்ளைக்காரன் விளையாட்டு. அது எப்படி நம் அடையாளம் ஆகும்?

அதுவும் கப்பலில் வந்ததுதான். அவுஸ்திரேலியாவுக்குப் போகும் இங்கிலாந்து அணியும், இங்கிலாந்துக்குப் போகும் அவுஸ்திரேலிய அணியும் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவார்கள். 1882இலேயே ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி அப்படி வந்தது. 1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி வந்தபோது இலங்கைக்குத் தலைவர் மகாதேவன் சதாசிவம் என்ற தமிழர். அதற்கு முந்தைய வருடம் சேப்பாக்கத்தில் 215 அடித்தவர். பின்னாளில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும்கூடத் தலைமை தாங்கினார். (பிராட்மன் ஆடிய அன்று ஆடுகளம் 22 யார் நீளத்துக்குப் பதில் 20 யார் நீளமாக அளக்கப்பட்டிருந்தது. விருந்தாளியை வரவேற்க நாம் அவ்வளவு கிட்ட நின்றிருக்கிறோம்.)

இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17 அன்று இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. இடம் கொழும்பு பொரளையில் உள்ள சரவணமுத்து மைதானம், தமிழ் யூனியன் கழகத்தின் இருப்பிடம். நாடு உலகக் கிரிக்கெட்டுக்குள் கால் வைத்த மைதானத்தின் பெயரும் கழகத்தின் பெயரும் தமிழ். அடுத்த வருடம் 1983. அந்த ஜூலையை உங்கள் வீட்டில் கேளுங்கள், நான் சொல்லத் தேவையில்லை.

1996 உலகக் கிண்ணத்தை ஏன் எல்லோரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஏனென்றால் அது வெறும் கிரிக்கெட்டாக இருக்கவில்லை. ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது, 90 பேர்வரை இறந்தார்கள். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டோம் என்றன. ஆடாமலேயே இலங்கைக்குப் புள்ளிகள் கிடைத்தன. அந்த நேரத்தில் நடந்த ஒன்றை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். பெப்ரவரி 13 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்பில் வந்து ஆடின. டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே பக்கத்தில். "இந்த ஊரில் ஆடலாம், பயமில்லை" என்று உலகத்துக்குக் காட்ட வந்தார்கள். பிறகு சிம்பாப்வே வந்தது, கென்யா வந்தது. பணக்கார நாடுகள் வராதபோது வந்தவர்களை மறக்கக் கூடாது என்று என் அம்மா சொல்வா. கென்யாவுக்கு நாங்கள் கண்டியில் 398 அடித்து நன்றி சொன்னோம் என்பது வேறு கதை.

இறுதிப் போட்டி மார்ச் 17, லாகூர். வரமாட்டேன் என்ற அதே அவுஸ்திரேலியாதான் எதிரே. பாகிஸ்தான் கூட்டம் இலங்கைக்குக் கத்தியது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 அடித்தார். ஏழு விக்கெட்டால் வெற்றி. கிண்ணத்தை அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்கவிடம் கொடுத்தது பாகிஸ்தான் பிரதமர் பெனாசீர் பூட்டோ.

எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. எங்கள் ஒழுங்கையில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது என்பதால் ஒரு லொறிக்காரர் தன் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். வென்றதும் வெளியே வெடிச்சத்தம். பட்டாசா துவக்கா என்று தெரியாமல் முதலில் எல்லோரும் தரையில் படுத்தோம். சோதனைச் சாவடிக்காரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டிருக்கிறார்கள். தரையில் கிடந்தபடியே யாரோ சிரிக்கத் தொடங்க, பிறகு எல்லோரும் சிரித்தோம். ஒரு நாடு ஒன்றாகிவிட்டது என்று அடுத்த நாள் பேப்பர்கள் எழுதின. நாங்கள் அன்று காலையும் அடையாள அட்டையோடுதான் சந்திக்குப் போனோம். ஆனால் சாவடியில் நின்ற பொடியன் அட்டையைப் பார்க்காமல் "மெட்ச் பெலுவத?" (மெட்ச் பார்த்தாயா?) என்று சிங்களத்தில் கேட்டான். இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

முரளிதரன் தமிழர். அவரால் தமிழருக்கு என்ன மாறியது?

முதலில் அவர் குடும்பத்தின் கதையைப் பாருங்கள். அவர் தாத்தா தமிழ்நாட்டில் இருந்து வந்தவர். அப்படி வந்து மலையகத்தில் குடியேறிய தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். வெளியுறவு என்பது சில நேரம் ஆட்களை எண்ணிப் பிரிப்பது. அந்த எண்ணிக்கைக்குள் வந்த சமூகத்தின் பிள்ளைதான் பிறகு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது.

இனி அவுஸ்திரேலியா. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்துகளை எறிபந்து என்று சொல்லி நோபோல் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் வேறொரு நடுவர் அதையே செய்தபோது ரணதுங்க விரலை நீட்டி வாக்குவாதப்பட்டு, அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை போய்விட்டார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே முரளி எறிகிறார் என்ற பொருளில் பேசினார். அந்த வருடம் அவுஸ்திரேலியச் சுற்றுலாவுக்கு முரளி போகவில்லை. 2010இல் அதே ஹவார்டை உலகக் கிரிக்கெட் சபையின் உபதலைவராக்கப் பார்த்தபோது ஆசிய, ஆபிரிக்க நாடுகள் எதிர்த்து நின்றதால் அது நடக்கவில்லை. இலங்கை மறந்திருக்கவில்லை.

ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் அந்நிய மண்ணில் விரல் நீட்டியது பெரிய விடயம்தான், மறுக்கமாட்டேன். வெளியில் இருந்து அவமானம் வந்தால் உள்ளே இருப்பவர் நெருங்குவார்கள். ஆனால் அந்த நெருக்கம் விமானம் கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகும் இருந்ததா என்று என்னிடம் கேட்டால், முரளிக்கு இருந்தது, அவர் வயதுப் பிள்ளைகள் பலருக்கு இருக்கவில்லை. அரசியல் பற்றி அவர் பேசியவை பல தமிழருக்குக் கசந்தன. அவர் வாழ்க்கையைப் படமாக்கப் போனபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் 2020இல் ஒரு பெரிய நடிகர் விலகிக்கொண்டார். எண்ணூறு விக்கெட் எடுத்தவரை இரண்டு கரையும் முழுதாக ஏற்கவில்லை, முழுதாக விடவும் இல்லை.

இந்தியாவும் இலங்கையும் ஆடினால் நாங்கள் யாருக்குக் கைதட்ட வேண்டும்?

இது எல்லா வருடமும் வரும், குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். பதில்: உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் அப்பா இந்தியா. சேப்பாக்கத்தில் போட்டி நடந்தால் வானொலியில் தமிழ் வர்ணனை வரும், அந்தத் தமிழுக்காகவே அவர் அந்தப் பக்கம். அண்ணன் மேற்கிந்தியத் தீவுகள், ரிச்சர்ட்ஸ் ஓய்வு பெற்ற பிறகும் மாறவில்லை. நான் 96க்குப் பிறகு இலங்கை. அம்மா யார் தோற்கிறார்களோ அவர்கள். ஒரே வீடு, ஒரே சோறு.

கைதட்டலை விசுவாசத்தின் சாட்சியாக எடுப்பது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயல்ல. 1990இல் நோர்மன் டெபிட் என்ற பிரித்தானிய அரசியல்வாதி, அங்கு குடியேறிய ஆசியர்கள் எந்த அணிக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அந்தக் கணக்கின்படி எங்கள் வீட்டில் நாலு பாஸ்போர்ட் வேண்டும்.

தமிழ்நாட்டில் இலங்கை வீரர்களைத் திருப்பி அனுப்பியது சரியா?

நடந்ததை முதலில் சொல்கிறேன். 2012 செப்டெம்பரில் சென்னைக்குப் போன இலங்கை உதைபந்தாட்ட வீரர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2013 பெப்ரவரியில் ஆசிய மெய்வல்லுநர் போட்டியை நடத்த முடியாது என்று ஜெயலலிதா அறிவித்தார், அது புனேக்குப் போனது. மார்ச்சில் சென்னையில் நடக்கும் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர் யாரும் ஆடக் கூடாது என்றார்.

எனக்கு இதில் இரண்டு மனம். நமக்கு நடந்ததை உலகம் பார்க்க மறுத்த நேரத்தில் ஒரு மாநிலம் சத்தம் போட்டது. வெளியுறவு டெல்லியின் அதிகாரம், மாநிலத்தின் கையில் இருந்தது மைதானத்தின் சாவி, அதைத் திருப்பிப் பூட்டினார்கள். மறுபக்கம், வாசலில் நின்றது கொள்கை வகுத்தவர்கள் இல்லை, பந்து உதைக்கும் பொடியன்கள். வகுப்பில் இதை விவாதமாக வைத்தால் மணி அடித்தும் முடியாது.

புறக்கணிப்பால் எப்போதாவது பயன் வந்திருக்கிறதா?

தென்னாபிரிக்காவைச் சொல்லலாம். நிறவெறிக்காக 1970இலிருந்து 1991 வரை சர்வதேசக் கிரிக்கெட்டில் அதற்கு இடமில்லை. பொதுநலவாய நாடுகள் 1977இல் கிளெனீகிள்ஸில் கூடி விளையாட்டுத் தொடர்பை அறுப்பது என்று ஒப்புக்கொண்டன. விளையாட்டு மட்டும் நிறவெறியை வீழ்த்தவில்லை, ஆனால் அங்குள்ள வெள்ளையருக்கு அது வலித்த இடம்.

அதில் நம் பங்கு கொஞ்சம் வெட்கமானது. 1982இல் 14 இலங்கை வீரர்கள் பணத்துக்காகக் களவாகத் தென்னாபிரிக்கா போனார்கள். தலைவர் பந்துல வர்ணபுர. அதே வருடம் பெப்ரவரியில் நாட்டின் முதல் டெஸ்டுக்குத் தலைமை தாங்கியவர். எல்லோருக்கும் 25 வருடத் தடை. பிறகு அது தளர்த்தப்பட்டது. புதிய நாடு, புதிய டெஸ்ட் அந்தஸ்து, அதனால் தண்டனை கடுமையாக இருந்தது.

1996க்கு முன்பும் ஒரு தரம் நாம் புறக்கணிக்கப்பட்டோம். 1986 ஆசியக் கிண்ணம் இலங்கையில் நடந்தபோது இந்தியா வரவில்லை. முந்தைய வருடத் தொடரின் நடுவர் தகராறு ஒரு பக்கம், இரு அரசுகளும் முறுகிக்கொண்டிருந்தது மறுபக்கம். கிண்ணம் நமக்கே கிடைத்தது.

இந்தியாவும் பாகிஸ்தானும் மோத ஏன் கொழும்புக்கு வருகிறார்கள்?

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டார்கள், நாம் இரண்டு பேருடனும் பேசுகிறோம். 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் கூடியது. இன்றைக்கு அந்தக் கொள்கையின் மிச்சம் ஆர். பிரேமதாச அரங்கில் தெரிகிறது. 2025 மகளிர் உலகக் கிண்ணத்தை இந்தியா நடத்தியபோது பாகிஸ்தானின் ஆட்டங்கள் கொழும்பில் நடந்தன.

பாகிஸ்தானோடு நமக்குத் தனிக் கணக்கும் உண்டு. 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்தைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அங்கே டெஸ்ட் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் முதலில் திரும்பிப் போனதும் இலங்கைதான்.

கிரிக்கெட்டை விட்டால் வேறு ஒன்றுமே இல்லையா?

தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம், 1991 முதல். பாதிப் பேருக்கு அது தெரியாது.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணத்தவர், உயரம் பாய்தல். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அவருடையது, 1958, டோக்கியோ. திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த விழா மே 24 முதல் ஜூன் 1 வரை. அதே வாரங்களில் இலங்கையில் தமிழர் மீது கலவரம், மே 27 அன்று அவசரகாலப் பிரகடனம். அங்கே ஒரு தமிழன் நாட்டின் கொடியை ஏற்ற வைத்த நேரத்தில் இங்கே தமிழன் என்பதற்காக ஆட்களை வண்டியில் இருந்து இழுத்தார்கள். இந்தப் பாடத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒருவரும் எழுதமாட்டார்கள், என்னைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை எடுத்த அணியில் இருந்தவர். 2022 செப்டெம்பர் 11 அன்று ஒரே நாளில் ஆண்கள் கிரிக்கெட்டிலும் பெண்கள் வலைப்பந்தாட்டத்திலும் ஆசியக் கிண்ணங்கள் நாட்டுக்கு வந்தன. பெற்றோல் வரிசையில் நின்று நொந்த அந்த வருடத்தில் அது ஒரு நல்ல நாள்.

ஒரு மைதானத்தை வெளிநாடு கட்டிக் கொடுத்தால் அது யாருடையது?

யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கை இந்தியா புதுப்பித்துக் கொடுத்தது. 2016 ஜூனில் மோடி டெல்லியில் இருந்தபடி திரையில் தோன்றித் திறந்துவைத்தார். சீனா ஆபிரிக்கா முழுக்க அரங்கு கட்டுகிறது. பெயர்ப்பலகை கொடுத்தவர் பெயரைச் சொல்லும், ஆடுகிறவனுக்குப் புல் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் பழுது பார்க்கக் கேட்டு எழுதிய கடிதம் ஒன்று எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது.

அரசாங்கம் விளையாட்டில் தலையிட்டால் என்ன ஆகும்?

வெளியே தள்ளிவிடுவார்கள். பீஃபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட்டில் திரும்ப எடுத்தது. அதே நவம்பர் 10 அன்று உலகக் கிரிக்கெட் சபையும் இடைநிறுத்தியது. இங்கே நடக்க இருந்த 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. 2024 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

இரண்டு இனம், இரண்டு மொழி உள்ள நாடு ஒரே அணியாக நிற்க வழி உண்டா?

அயர்லாந்து ரக்பி அணியைப் பாருங்கள். வட அயர்லாந்து பிரித்தானியாவுக்குள், தெற்கு தனிநாடு, ஆனால் ரக்பியில் ஒரே அணி. யாருடைய தேசிய கீதம் என்ற சிக்கலுக்கு 1995இல் அணிக்கென்று பொதுவான ஒரு பாடலை எழுதிக்கொண்டார்கள். வெளிநாட்டில் ஆடும்போது அதை மட்டும் பாடுவார்கள்.

நமக்குப் புதுப் பாட்டு எழுதும் வேலைகூட இல்லை. நம் தேசிய கீதத்தை மு. நல்லதம்பி தமிழில் மொழிபெயர்த்த "ஸ்ரீ லங்கா தாயே" ஏற்கெனவே இருக்கிறது. 2016 சுதந்திர தினத்தில் பாடவும் பட்டது. போட்டிக்கு முன் ஒலிப்பது சிங்களத்தில். இரண்டு பாட்டுக்கும் மெட்டு ஒன்றுதான். ஒரு தரம் ஒன்று, மறுதரம் மற்றது என்று பாடினால் ஒரு நிமிடம்கூட அதிகமாகாது.

புலம்பெயர்ந்தவர்கள் தமிழீழ அணி என்று ஆடினார்களாமே?

ஆம், பீஃபாவில் இல்லாத அணிகளுக்கான போட்டிகளில், உதைபந்தாட்டம். 2012இல் குர்திஸ்தானிலும், 2014இல் சுவீடனிலும், 2018இல் லண்டனிலும். நாடு இல்லாதவர்களும் சீருடை தைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க. பரீட்சையில் எழுதுவதா வேண்டாமா என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். நான்தான் அந்த ஆசிரியர் என்றால், எழுதுங்கள்.

ஒப்படைக்கு எங்கிருந்து தொடங்குவது, சேர்?

இணையத்தில் இருந்து வேண்டாம், எல்லோரும் ஒரே பந்தியை வெட்டி ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய், நினைவில் நிற்கும் ஒரு போட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வருடம், எங்கே இருந்து பார்த்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், அன்று வெளியே என்ன நடந்தது. ஸ்கோரை நான் பார்த்துக்கொள்வேன். பற்றரி யாருடையது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.